சின்னக் காரில் பெரிய பெயர்: சொகுசு பிராண்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1981இல் அமெரிக்காவில் சொகுசு பிராண்டான காடிலாக்கின் ஷோரூமுக்குள் போனவர் சிமரான் என்ற புதிய சின்னக் காரைப் பார்த்திருப்பார். தோல் இருக்கை, ஏசி, அலாய் வீல் எல்லாம் உண்டு. விலை 12,000 டாலருக்குச் சற்று மேல். அவரே அடுத்த தெருவில், அதே குழுமத்தின் சாதாரண பிராண்டான ஷெவர்லே ஷோரூமுக்கும் போயிருந்தால் அங்கே கவேலியர் நின்றிருக்கும். அதே கதவு, அதே கூரை, அதே 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின், அதே 88 குதிரைத்திறன். ஆரம்ப விலை மட்டும் சிமரானின் விலையில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

காடிலாக்குக்கு அப்போது அவசரம். எரிபொருள் சிக்கன விதிகள் இறுகிக்கொண்டிருந்தன, 1979 எண்ணெய் நெருக்கடியின் சூடு ஆறவில்லை, இளைய வாடிக்கையாளர்கள் பிஎம்டபிள்யூ பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பல பிராண்டுகளுக்கும் பொதுவாக ஒரு சின்னக் காரை உருவாக்கிக்கொண்டிருக்க, கடைசி நேரத்தில் காடிலாக்கும் அதில் பங்கு கேட்டது. அப்போதைய ஜிஎம் தலைவர் பீட் எஸ்டெஸ், இதைக் காடிலாக்காக மாற்ற உங்களுக்கு நேரம் போதாது என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள். எச்சரிக்கை பலித்தது. முதல் மாடல் ஆண்டில் 26,000 கார்கூட விற்கவில்லை. 1988 வரை இழுத்துப் பார்த்தும் மொத்தம் 1.32 லட்சத்தோடு கதை முடிந்தது.

சொகுசு பிராண்ட் சின்னக் கார் செய்யக் கூடாது என்பதற்கு இதைத்தான் எல்லோரும் உதாரணமாகக் காட்டுகிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சின்னக் காரால் பெயர் உயர்ந்த நிறுவனங்களும் இருக்கின்றன. எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குறைந்த விலைதான் பெயரைக் கெடுக்கிறது என்று நினைப்பது

சிமரான் வந்த அடுத்த ஆண்டே, 1982 கடைசியில், மெர்சிடிஸ் பென்ஸ் தன் சின்னக் கார் 190ஐ வெளியிட்டது. 'பேபி பென்ஸ்' என்று பட்டப்பெயர் வந்தது. ஆரம்ப மாடலில் வசதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், ரேடியோவுக்குத் தனிக் காசு. சிமரானின் தோல் இருக்கைக்கு முன்னால் இது ஏழைக் கார்தான்.

ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் விஷயம் வேறு. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கரங்கள் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனை மெர்சிடிஸ் இந்தக் காரில்தான் முதலில் கொண்டு வந்தது. அவர்களுடைய பெரிய கார்களுக்கே அது பிறகுதான் போனது. 1983இல் 190இன் 16 வால்வு மாடலை இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் 50,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 248 கி.மீ. 1993 வரை இந்த வரிசையில் 18 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதை வாங்கியவருக்கு வசதிகள் குறைந்தன, ஆனால் பென்ஸ் என்ற பெயர் எதற்காக மதிக்கப்பட்டதோ அது குறையவில்லை. சிமரானில் இது தலைகீழ்: வசதிகளை ஏற்றிவிட்டார்கள், அடியில் காடிலாக் இல்லை.

காடிலாக்குக்கு இது தெரியாததும் அல்ல. 1975இல் அதே நிறுவனம் செவில் என்ற அளவான காரைக் கொண்டு வந்தது. அதற்கும் வேர் ஷெவர்லேதான், நோவா என்ற சாதாரணக் கார். ஆனால் நோவாவின் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றினார்கள். லிமோசினைத் தவிர மற்ற எல்லாக் காடிலாக்கையும்விட அதிக விலை வைத்தார்கள். நன்றாகவே விற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து சிமரானில் அந்த உழைப்பைத்தான் மிச்சம் பிடித்தார்கள்.

கண்ணில் படும் இடத்தில் கடன் வாங்குவது

ஒரு குழுமத்துக்குள் பிளாட்ஃபார்மை, அதாவது காரின் அடித்தளத்தை, பகிர்வது தவறே இல்லை. இன்று பகிராத நிறுவனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாங்குபவர் கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

2001இல் வந்த ஜாகுவார் எக்ஸ்-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஜாகுவார் ஃபோர்டின் கையில் இருந்தது, காரின் அடித்தளம் ஃபோர்டு மாண்டியோ. ஓட்டுவதற்கு அது மோசமான கார் இல்லை. தொடக்கத்தில் எல்லா மாடலிலும் வி6 இன்ஜின், நான்கு சக்கர இயக்கம். ஆனால் பெரிய எக்ஸ்ஜே காரின் முகத்தையும் வளைவுகளையும் சுருக்கி, நீளம் போதாத உடம்பில் ஒட்டியதுபோல இருந்தது. அப்பாவின் கோட்டைப் பையன் போட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. அடுத்த ஆண்டே முன்சக்கர இயக்கத்தோடு மலிவான மாடலும் வந்தது. 'இது மாண்டியோதானே' என்ற பேச்சை அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் கார் என்பது இலக்கு. ஒரு வருடம்கூட அதன் அருகில் போகவில்லை. 2008இல் ஃபோர்டு, ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து டாடா மோட்டார்ஸுக்கு 2.3 பில்லியன் டாலருக்கு விற்றது. எக்ஸ்-டைப் அடுத்த ஆண்டு நின்றது.

கடன் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் வலிக்கும். போர்ஷே 1996இல் பாக்ஸ்டரை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு வந்த புதிய 911க்கும் அதே முகப்பு, அதே விளக்குகள், அதே கதவுகள். வட்ட விளக்கே 911இன் அடையாளமாக இருந்த இடத்தில், ஆரஞ்சு இண்டிகேட்டரும் சேர்ந்து உருகி வழிந்ததுபோல ஒரு விளக்கு. ரசிகர்கள் அதைப் 'பொரித்த முட்டை' என்றார்கள். இந்தப் பகிர்வு போர்ஷேயைப் பணக் கஷ்டத்திலிருந்து மீட்டது, அதை மறுக்க முடியாது. பாக்ஸ்டரும் அருமையான கார். ஆனால் தூரத்தில் வரும் கார் எது என்று தெரியாமல் போனதில் அடிபட்டது விலை கூடிய 911தான். சில ஆண்டுகளில் 911க்கு வேறு விளக்குகள் கொடுத்தார்கள். 2004இல் வந்த அடுத்த தலைமுறையில் வட்ட விளக்கே திரும்பிவிட்டது.

எதற்குப் பெயர் வந்ததோ அதிலேயே கோட்டை விடுவது

மெர்சிடிஸே இதில் மாட்டியிருக்கிறது. 1997இல் முதல் ஏ-கிளாஸ் வந்த கையோடு, ஒரு ஸ்வீடன் கார்ப் பத்திரிகை அதைச் சோதித்தது. சாலையில் திடீரென்று மூஸ் மான் குறுக்கே வந்தால் வளைத்து ஒதுங்குவதுபோன்ற சோதனை. கார் கவிழ்ந்தது. வேறு ஒரு பிராண்டுக்கு இது ஒரு வாரச் செய்தி. பாதுகாப்பு என்றால் பென்ஸ் என்று ஊரே சொல்லும்போது இது பெரிய அடி. விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, கார் நிலை தடுமாறாமல் காக்கும் இஎஸ்பி கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் பொருத்தினார்கள். அதுவரை விலை கூடிய கார்களில் மட்டும் பார்த்த கருவி அது. சறுக்கிய இடத்திலேயே செலவு செய்தார்கள். அதனால்தான் ஏ-கிளாஸ் என்ற பெயர் பிழைத்தது.

எந்தப் பெயரையும் எதிலும் ஒட்டலாம் என்று நம்புவது

ஆஸ்டன் மார்ட்டின் 2011இல் டொயோட்டா ஐக்யூ என்ற குட்டிக் காருக்குத் தன் கிரில்லையும் தோலையும் போட்டு சிக்னெட் என்று விற்றது. பிரிட்டனில் விலை 30,000 பவுண்டுக்கு மேல். ஆண்டுக்கு 4,000 கார் என்று திட்டமிட்டார்கள். பிரிட்டனில் சுமார் 150 போனது. 2013இல் நிறுத்திவிட்டார்கள்.

என்ஸோ ஃபெராரி இந்த இடத்தில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று பாருங்கள். 1960களின் கடைசியில் ஆறு சிலிண்டர் சின்னக் கார் தயாரானபோது அதில் ஃபெராரி சின்னத்தைப் போடவில்லை. இளம் வயதில் இறந்துபோன மகன் டினோவின் பெயரை வைத்தார். கார் சோபிக்காவிட்டால் ஃபெராரிக்குப் பழி வராது. சோபித்தது, இன்று அதை ஃபெராரியாகவே கொண்டாடுகிறார்கள்.

வாங்கியவருக்கு இல்லாததை நினைவூட்டுவது

நண்பர் ஒருவர் பல வருடம் சேர்த்துத் தன் முதல் ஜெர்மன் காரை வாங்கினார். அந்த வரிசையிலேயே விலை குறைந்த மாடல். பெயர் வேண்டாம். உட்கார்ந்து பார்த்தேன். கியர் லீவருக்குப் பக்கத்தில் ஐந்து பொத்தான்களுக்கு இடம். அதில் மூன்று வெறும் பிளாஸ்டிக் மூடி. அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அவர் விரல் அதன் மேல் போய்ப் போய் வந்தது. "இது மேல் மாடல்ல வருமாம்" என்றார். 25 லட்சம் கொடுத்தவரை அவருடைய சொந்தக் காரே தினமும் இப்படிச் சொல்ல வைக்கிறது.

அப்புறம் சர்வீஸ். காரின் விலை இறங்கினாலும் பிரேக் பேடின் விலையோ லேபர் கட்டணமோ அதே அளவுக்கு இறங்குவதில்லை. 2010க்குப் பிறகு இந்தியாவில் சொகுசு பிராண்டுகள் 20-25 லட்ச விலையில் போட்டி போட்டபோது, சென்னைக்குப் பக்கத்து ஆலையில் பாகங்களைப் பூட்டித் தயாரித்த பிஎம்டபிள்யூ எக்ஸ்1 உட்பட பல மாடல்கள் புதிய ஆட்களை உள்ளே கொண்டு வந்தன. முதல்முறை வருபவர்களுக்கு பிராண்ட் என்பது விளம்பரத்தில் பார்த்தது அல்ல, முதல் சர்வீஸ் பில்லில் பார்ப்பதுதான். அங்கே மனம் கசந்தால் அடுத்த கார் வேறு பிராண்டில்தான்.

விற்பனை எண்ணிக்கையில் மயங்குவது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் வெளியே வெற்றிபோலவே தெரியும். பேக்கார்டு ஒரு காலத்தில் அமெரிக்கச் செல்வந்தர்களின் கார். பெரும் பொருளாதார மந்தத்தில் வாங்க ஆளில்லாமல் போனபோது 1935இல் '120' என்ற மாடலைக் கொண்டு வந்தது. ஆரம்ப விலை 980 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு மிக மலிவான பேக்கார்டே 2,000 டாலரைத் தாண்டும். நல்ல கார், கம்பெனியைக் காப்பாற்றியது. 1937இல் அதைவிட மலிவான ஆறு சிலிண்டர் மாடலும் சேர, அந்த ஆண்டு உற்பத்தி 1 லட்சத்தைத் தாண்டியது.

120ஐச் செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் அன்றே மூடியிருப்பார்கள். அந்த எண்ணிக்கை தந்த நிம்மதியில் மேல் வரிசையைக் கவனிக்காமல் விட்டதுதான் தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் நடுத்தர விலைக் கார்களையே நம்பியிருந்தார்கள். அதற்குள் செல்வந்தர்கள் காடிலாக்குக்கு மாறிவிட்டார்கள். 1956இல்தான் மலிவு வரிசையை கிளிப்பர் என்று தனிப் பெயரில் பிரித்தார்கள். அந்த ஆண்டே டெட்ராய்டில் பேக்கார்டு உற்பத்தி நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகள் இண்டியானாவின் சவுத் பெண்டில், தன்னோடு இணைந்த ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தின் கார்களின் மேல் பேக்கார்டு எழுத்தைப் பொருத்தி விற்றார்கள். பழைய பேக்கார்டு வைத்திருந்தவர்கள் அதைப் 'பேக்கார்டுபேக்கர்' என்று அழைத்தார்கள்.