அமெரிக்கக் கால்பந்துக்கு மண்ணின் நட்சத்திரம் தேவையா? பட்டிமன்றத்தில் 'தேவையில்லை' என்று பேசுவோருக்கு ஒரு வழிகாட்டி

2026 உலகக் கோப்பைக் கால்பந்து அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கு என்று முடிவானதிலிருந்து, பந்தின்மேல் பித்துக்கொண்ட நீலகிரி இளைஞர் மன்றங்களுக்கு ஒரு நல்ல பட்டிமன்றத் தலைப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது: அமெரிக்காவில் இந்த ஆட்டம் வளர, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஓர் உச்ச நட்சத்திரம் அவசியமா? கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா என்று கேட்டுக் காது புளித்துப்போன கோத்தகிரி, கூடலூர் அவையினருக்கு இது மாறுதலாகவும் இருக்கும். அவசியமில்லை என்ற அணியே சரி என்பது என் கருத்து. ஆனால் எதிரணியிடம் கனமான சரக்கு உண்டு. ஆயத்தமில்லாமல் மேடையேறினால் அடிபடுவீர்கள்.

எதை வளர்ச்சி என்று கொள்வது என்பதை முதல் நிமிடத்திலேயே நடுவரிடம் ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். தொலைக்காட்சியில் பார்ப்போர், அரங்குக்கு வருவோர், தேசிய அணியின் வெற்றி என்று எதிரணி ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். இருபது ஆண்டு கழித்தும் லீக் உயிரோடு இருக்கிறதா, வசதியற்ற வீட்டுப் பிள்ளை அதுவரை ஏறிப்போக வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும்.

பிறகு பெலே. அவர் 1975-இல் நியூயார்க் காஸ்மாஸ் அணியில் சேர்ந்தார். 1977 ஆகஸ்டில் அந்த அணியின் ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டார்கள். எதிரணி அந்த எண்ணைச் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்ன கையோடு, 1980-இல் 24 அணிகள் ஆடிய அந்த வட அமெரிக்க லீக், வரவுக்கு மீறிய செலவாலும் அவசர அவசரமாக அணிகளைச் சேர்த்ததாலும் தள்ளாடி, 1984-இல் 9 அணிகளாகச் சுருங்கி, அந்தப் பருவத்தோடு மூடப்பட்டதையும் சொல்லுங்கள். 'அவர் பிரேசில்காரர், நாங்கள் கேட்பது உள்ளூர்க்காரர்' என்று உடனே மறுமொழி வரும். வரட்டும்.

உள்ளூர் நட்சத்திரம் என்ன செய்வார் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது, பெண்கள் ஆட்டத்தில். நட்சத்திரம் என்றதும் ஆண்களையே நினைக்கும் பழக்கத்தால் பேச்சாளர்கள் பலர் கோட்டை விடும் இடம் இது. உங்கள் அணியில் நிதானமாகப் பேசக்கூடியவரிடம் இதை ஒப்படையுங்கள். மியா ஹாம் அமெரிக்காவிலேயே பிறந்து, நாடே பெயர் சொல்லும் அளவுக்கு வளர்ந்தவர். 1999-இல் ரோஸ் பவுல் அரங்கில் சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை 90,185 பேர் பார்க்க, அவருடைய அணி உலகக் கோப்பையை வென்றது. அந்த உற்சாகத்தில் 2001-இல் தொடங்கப்பட்ட பெண்கள் தொழில்முறை லீக், மியா ஹாம் ஆடிக்கொண்டிருக்கும்போதே, மூன்றே பருவங்களில், 2003-இல் நின்றுபோனது. 2009-இல் வந்த அடுத்த லீக்கும் நிலைக்கவில்லை. 2013-இல் தொடங்கிய மூன்றாவதுதான் காலூன்றியது. அப்படியானால் மியா ஹாம் போன்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த சட்டம், பள்ளி, கல்லூரி மைதானங்களைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. மைதானம் முந்தியது, நட்சத்திரம் பிந்தியது. இந்த வரிசையை அவை மறக்காதபடி சொல்லுங்கள்.

ஆண்கள் லீக்கைப் பற்றி விரைவாகச் சொன்னால் போதும். 1996-இல் 10 அணிகளுடன் தொடங்கி, 12 ஆகி, இரண்டை மூடி, 2002-இல் மீண்டும் 10-க்கு வந்த மேஜர் லீக் சாக்கர், 2025-இல் 30 அணிகளை எட்டியது. இடைப்பட்ட காலத்தில் டோனவன், டெம்ப்சி போன்ற நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்களே தவிர, உலகம் கொண்டாடும் அமெரிக்கர் எவரும் இல்லை. பெக்காம், மெஸ்ஸி இருவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். டிக்கெட் விற்றதில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதை மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2004-இல் 14 வயதிலேயே களமிறக்கப்பட்டு, அடுத்த பெலே என்று தூக்கிவைக்கப்பட்ட ஃப்ரெடி அடுவின் கதையையும் தொட்டுச் செல்லலாம். ஒரு சிறுவன் தலையில் ஒரு லீக்கின் எதிர்காலத்தையே ஏற்றியது, என்னைக் கேட்டால், கொடுமை.

எதிரணியின் பலமான ஆயுதம் அமெரிக்காவில் இல்லை, சென்னையில் இருக்கிறது. 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், அதன் பின்னே ஒரு படையே வந்தது என்று அவர்கள் சொல்லும்போது கைத்தட்டல் அதிரும். அது அடங்கும்வரை பொறுத்திருந்து, ஆனந்த் சிறுவனாக ஆடப்போன டால் செஸ் கிளப்பையும், 1961-இலேயே சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற மானுவல் ஆரோனையும் நினைவூட்டுங்கள். ஆனந்த் வந்து எரிய வைத்தார் என்பது உண்மை, ஆனால் விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. தவிர, செஸ்ஸுக்குப் பலகையும் காய்களும் போதும். கால்பந்துக்குச் சமதளம் வேண்டும்.

சமதளத்தின் அருமை நம் மலைக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? எஸ்டேட் மைதானத்தில் ஒரு பக்கம் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். ஓங்கி அடித்த பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு மறைய, கோல்கீப்பர் இறங்கிப்போய் அட்டை ஒட்டிய காலோடு திரும்பி வருவார். பனிமூட்டம் இறங்கினால் எதிர்க் கோல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே ஆட யாரும் காசு கேட்பதில்லை. அமெரிக்காவில் புல்தரைக்குப் பஞ்சமில்லை, ஆனால் திறமையுள்ள பிள்ளை மேலே போகும் வழியில் பயிற்சிக் கட்டணம், சீருடை, வெளியூர்ப் பயணம் என்று பல ஆண்டுகள் பெற்றோரே பணம் கட்ட வேண்டிய ஏற்பாடுதான் பெருமளவில் நிலவுகிறது. ஒரு நட்சத்திரம் பிறப்பதால் அந்தக் கட்டணம் குறையப்போவதில்லை. கொழுந்து பறிக்கும் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்தே இதைச் சொல்லுங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மேடை அமைந்தால் இன்னொரு முன்னெச்சரிக்கையும் வேண்டும். கேரளத்தின் மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டங்களை, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தை, பார்த்து வளர்ந்த கூட்டம் அது. மெஸ்ஸியையோ நெய்மரையோ கிண்டல் செய்தால் அதன்பின் உங்கள் வாதத்தை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

தொகுப்புரைக்கு, மண்ணின் நட்சத்திரம் இருந்தும் அமெரிக்க ஆண்கள் அணி தோற்றதற்குச் சான்றாக, கிறிஸ்டியன் புலிசிக்கை வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் பிறந்தவர், கல்லூரி அணிகளில் கால்பந்து ஆடிய தாய் தந்தைக்கு மகன், பதின்ம வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழகத்துக்குப் போய்த் தேர்ந்தவர். 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாட் தீவில், தோற்காமல் இருந்தாலே போதும் என்ற நிலையில் இறங்கிய அமெரிக்கா, அவர் கோல் அடித்தும் 2-1 என்று தோற்று, 2018 உலகக் கோப்பைக்கே போக முடியாமல் ஆனது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள். அவையில் பாதிப் பேர் தங்கள் ஹட்டிகளுக்கு, அதாவது மலைக் கிராமங்களுக்கு, போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள்.