ஹாக்கி உலகக் கோப்பை: புள்ளிப் பட்டியலை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி?

பிரிவின் கடைசி ஆட்டம் வந்தாலே போதும், "இந்தியா இத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கணும்" என்று டிவியில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அந்த எண் எப்படி வருகிறது என்று 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த ஆண்கள் உலகக் கோப்பையை வைத்தே பார்க்கலாம். நாம் எடுத்துக்கொள்வது டி பிரிவு: இங்கிலாந்து, இந்தியா, ஸ்பெயின், வேல்ஸ்.

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். மொபைல் ஆப் எனக்குப் பிடிக்காது. யார் மேலே என்று காட்டுமே தவிர, ஏன் மேலே என்று காட்டாது.

படி 1: கட்டங்கள்

வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி. வெற்றிக்கு 3, டிராவுக்கு ஆளுக்கு 1. பிரிவு ஆட்டம் டிரா ஆனால், வெற்றியாளரை முடிவு செய்யும் ஷூட்அவுட் கிடையாது.

படி 2: புள்ளி சமமானால்

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. "ரெண்டு பேரும் மோதினதுல யார் ஜெயிச்சா?" என்று உடனே அங்கே தாவுவார்கள். ஹாக்கியில் அது பின்னால்தான் வரும். வரிசை இப்படி: புள்ளி, வெற்றிகளின் எண்ணிக்கை, கோல் வித்தியாசம், அடித்த கோல். அதற்குப் பிறகுதான் நேருக்கு நேர் முடிவு. அதுவும் சமம் என்றால் ஃபீல்டு கோல், அதாவது பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள்) மூலம் வராத கோல்கள்.

படி 3: தேவையான கோல்

ஜனவரி 19 மாலை நிலவரத்தை எழுதுங்கள். இங்கிலாந்து வேல்ஸை 5-0, ஸ்பெயினை 4-0 என்று சாய்த்து, இந்தியாவுடன் 0-0 டிரா செய்து, தன் ஆட்டங்களை முடித்துவிட்டது: 7 புள்ளி, வித்தியாசம் +9. இந்தியா ஸ்பெயினை 2-0 என வென்றிருந்ததால் 4 புள்ளி, +2. வேல்ஸ் ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் புள்ளியும் சமம், வெற்றியும் சமம். எனவே எல்லாம் கோல் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. 8-0 என்றால் +10, பிரிவில் முதலிடம்.

நடந்தது வேறு. இந்தியா 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது, மூன்றாவது கால்பகுதியில் வேல்ஸ் இரண்டு பெனால்டி கார்னர்களைக் கோலாக்கி 2-2 ஆக்கிவிட்டது. கடைசியில் 4-2. நோட்டில் +4 என்று எழுதுங்கள், இந்தியா இரண்டாமிடம்.

படி 4: அடுத்து யாருடன்?

முதலிடம் நேராகக் காலிறுதிக்குப் போகும். இரண்டும் மூன்றும் காலிறுதிக்கு முன் கிராஸ்ஓவர் ஆட வேண்டும், அதாவது வேறு பிரிவு அணியுடன் ஒரு ஆட்டம், தோற்றால் வெளியே. டி பிரிவின் இரண்டாம் அணிக்கு சி பிரிவின் மூன்றாம் அணி, அதாவது நியூசிலாந்து. இந்தியா 3-1 என முன்னிலை பெற்றும் ஆட்டம் 3-3. இங்கே ஷூட்அவுட் உண்டு: 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பி, 8 விநாடிக்குள் கீப்பரைத் தாண்டி அடிக்க வேண்டும். 4-5 என்று தோற்று வெளியே வந்தோம்.

எல்லாத் தொடருக்கும் இதே முறை என்று நினைத்துவிடாதீர்கள். 2014இல் ஹேக் நகரில் 12 அணிகள், இரண்டே பிரிவுகள். முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதி. நோட்டைத் திறக்கும் முன் அந்தத் தொடரின் விதியைப் படித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: "7 கோல் வித்தியாசம் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 7-0 என்றால் இரு அணிக்கும் +9, அடித்த கோலும் 9-9, நேருக்கு நேர் 0-0. ஃபீல்டு கோலை எண்ண வேண்டியதுதான். ஆனால் 8-1 என்றால்? வித்தியாசம் அதே +9, அடித்த கோல் மட்டும் 10. இந்தியாதான் முதலிடம்! ஒரு கோல் வாங்கியும்.

பயிற்சிக்கு பி பிரிவு: பெல்ஜியம் கொரியாவை 5-0, ஜப்பானை 7-1. ஜெர்மனி ஜப்பானை 3-0, கொரியாவை 7-2. இருவரும் மோதியது 2-2. ஜெர்மனி இரண்டாமிடம் என்று வந்தால் கணக்கு சரி. கிராஸ்ஓவர் ஆடி வந்த அந்த ஜெர்மனிதான் இறுதியில் பெல்ஜியத்தையே ஷூட்அவுட்டில் 5-4 என்று வென்று கோப்பையைத் தூக்கியது.