பள்ளிக்குள்ளேயே ஆசிரியர் பயிற்சி: ஒரே ஒரு பாடத்திலிருந்து தொடங்குங்கள்

பணியிடைப் பயிற்சிக்குப் போய் வந்த ஆசிரியர் மறுநாளும் பழையபடியே பாடம் நடத்தினால், குறை அவரிடம் இல்லை. பயிற்சி கொடுத்த கருத்தாளர் அவருடைய பிள்ளைகளைப் பார்த்ததே இல்லையே! 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது திறன் மேம்பாடு வேண்டும் என்கிறது. அதில் கொஞ்சத்தையாவது வகுப்பறைக்குள் கொண்டுவர, ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு, கைகொடுக்கும். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு பேசித் திருத்துவதுதான் அது. அதன் படிகள் இவை:

1. குழு. விருப்பமுள்ள மூன்று நான்கு பேர் போதும்.

2. சிக்கல். 'கணிதத் திறனை உயர்த்துதல்' என்றெல்லாம் எழுதாதீர்கள். பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டுங்கள். ஆறாம் வகுப்பில் சிலர் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருப்பார்கள். மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டிவிட்டார்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகும் விடை அரையைவிடக் குறைந்திருக்கிறது. அது அவர்களுக்கு உறுத்தவில்லை. இதுதான் உங்கள் பாடம்.

3. சேர்ந்து திட்டமிடுதல். வழக்கமான பாடக்குறிப்பில் ஆசிரியர் செய்வது மட்டுமே இருக்கும். இதில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், பிள்ளைகள் என்னென்ன விடை சொல்லக்கூடும் என்றும் எழுதுங்கள். 'கூட்டுவதற்கு முன் சொல்லுங்கள், விடை அரையைவிடப் பெரிதா, சிறிதா?' என்று கேட்கலாம். அப்புறம் காகிதப் பட்டையை ஆறாக மடிக்கச் சொல்லுங்கள். அரை என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு, மொத்தம் 5/6 என்பது கண்ணெதிரே தெரியும்.

4. பார்த்தல். ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகளை மட்டும் கவனிக்க வேண்டும். கண் பிள்ளைகள் மேல்தான் இருக்க வேண்டும், நடத்துபவர் மேல் இல்லை. இடையில் புகுந்து சொல்லிக் கொடுக்கவும் கூடாது. இதற்காகக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையை மாற்றித் தருவது தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. அவர் மனம் வைக்காவிட்டால் எதுவும் நகராது.

5. பேசுதல். அன்று மாலையே உட்காருங்கள். நடத்தியவர் முதலில் பேசட்டும். அப்புறம் பார்த்ததைச் சொல்லுங்கள்: 'மூன்றாம் பெஞ்சுப் பிள்ளை பட்டையைச் சரியாக மடித்தாள், எழுதும்போது மறுபடியும் 2/5 என்றே எழுதினாள்.' 'நன்றாக நடத்தினீர்கள்' என்பதைவிட இது ஆயிரம் மடங்கு உதவும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இதை அதிகாரிகள் வந்து குறை பார்க்கும் ஆண்டாய்வு போல ஆக்கிவிடாதீர்கள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இந்தக் குறிப்புகளை ஆசிரியர் மதிப்பீட்டுக் கோப்பில் சேர்த்தார்கள். அடுத்த மாதம் தன் வகுப்பைத் திறந்துவிட யாரும் முன்வரவில்லை.

6. திருத்தி மீண்டும் நடத்துதல். மாற்றிய பாடத்தை 'ஆ' பிரிவில் வேறொருவர் நடத்தட்டும். பருவத்துக்கு ஒன்று போதும். முடிந்ததும் திருத்திய பாடக்குறிப்போடு, பெயரை மறைத்த ஒரு நோட்டுப் பக்கத்தின் நகலையும் இணைத்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வருபவர் அங்கிருந்து தொடங்கலாம்.