சாப்பாட்டுக்கு ஒயின்: ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ருசித்துப் பாருங்கள்

ஒயினைத் தனியாகக் குடித்துப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கியிருப்போம். சாப்பாட்டோடு பரிமாறும்போது அதே ஒயின் புளிக்கும், கசக்கும். நாக்கில் முதலில் பட்ட உணவு செய்கிற வேலை இது. அதனால் விருந்தினர் வருவதற்கு முன் வெறும் வாயில் ஒருமுறை, உணவோடு ஒருமுறை ருசித்துப் பார்த்துவிடுங்கள்.

முதலில் குளிர்ச்சி. நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 10 டிகிரி செல்சியஸ், வெள்ளைக்கு 8 முதல் 12, சிவப்புக்கு 15 முதல் 18. வெயில் நாளில் சிவப்பையும் 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடேறிய ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முந்திக்கொண்டு வரும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும், சுழற்ற இடம் வேண்டும். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறம் பாருங்கள். வயதாக ஆக வெள்ளை ஒயின் நிறம் கூடும்; சிவப்பின் விளிம்பு செங்கல் நிறமாகும். சரி, கண்ணுக்கு இவ்வளவு வேலை போதும்.

அப்புறம் மூக்கு. சுழற்றுவதற்கு முன்னும் பின்னும் முகர்ந்து பாருங்கள். பழமா, பூவா, மிளகா? பெயர் உடனே வராவிட்டால் பரவாயில்லை, பழகப் பழக வரும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கால் கெட்டுப்போன ஒயின். அந்த பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

இனி ஒரு சிறு மடக்கு. விழுங்காமல் வாய் முழுக்கப் பரவ விடுங்கள். எச்சில் ஊறினால் அது புளிப்பு. கெட்டியான கட்டஞ்சாயா குடித்ததுபோல ஈறு இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவது. தொண்டையில் சூடு தெரிந்தால் ஆல்கஹால்.

இப்போதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையை நக்கிவிட்டு ஒரு மடக்கு: ஒயினின் புளிப்பு அடங்கி மென்மையாகிவிடும். வாய் கொப்பளித்துவிட்டு உப்பு: கசப்பும் துவர்ப்பும் தணியும். கடைசியாகச் சர்க்கரை: பழ ருசி மறைந்து, அதே ஒயின் புளித்துக் கசக்கும். ஒரே கிளாஸ், மூன்று ருசி. முதல்முறை செய்பவர்கள் கிளாஸையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஜோடி சேர்ப்பதற்கான வழி இதிலேயே இருக்கிறது. இனிப்புப் பண்டத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும். காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும் என்பதால், ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும் ரீஸ்லிங் வகை வெள்ளை ஒயின் நல்லது. கொழுப்பும் உப்பும் உள்ள சுட்ட இறைச்சி, கேபர்னே சாவிஞான் போன்ற துவர்ப்பான சிவப்பைத் தாங்கும். உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு இனிப்பான சோதெர்ன் ஒயினைப் பிரெஞ்சுக்காரர்கள் ஊற்றுவதும் உண்டு.

சமைத்து முடித்ததும் ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மடக்கு குடியுங்கள். ஒயின் புளித்து நின்றால் உடனே பாட்டிலை மாற்ற வேண்டாம். உணவில் துளி உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு, மறுபடி ருசித்துப் பாருங்கள்.