செல்லுலோஸ் வெப்பக்காப்பு: தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் சுவர்ப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நிரம்பிடுச்சு அண்ணே" என்றான். எனக்குச் சுரீர் என்றது. முதல் வீட்டில் நானும் அதையேதான் சொன்னேன்.

முகமூடி போடு, மூட்டையை நனையவிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

சுவரைத் தளர்வாக நிரப்புவது

செல்லுலோஸ் என்பது பெரும்பாலும் பழைய செய்தித்தாளை அரைத்த பஞ்சு. தீ எளிதில் பரவாமலிருக்க போரேட் உப்பு கலந்திருப்பார்கள். பஞ்சு ஊதும் இயந்திரத்தில் காற்றைக் கூட்டி வைத்தால் பஞ்சு பொங்கிக்கொண்டு போய்ச் சுவர்க்கூட்டை, அதாவது சுவர்ச் சட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை, நிரப்பும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் நிரம்பியது பாதி காற்று.

நான் நிரப்பிய வீட்டின் உரிமையாளர் இரண்டாவது குளிர்காலத்தில் கூப்பிட்டார். வெப்பப்படக் கருவியில் பார்த்தால் எல்லாச் சுவரிலும் மேலே ஒரே உயரத்தில் கறுப்புப் பட்டை. பலகையைக் கழற்றினேன். பஞ்சு ஒரு சாண் இறங்கியிருந்தது. அந்த வெற்றிடத்தில் குளிர்ந்த பலகையின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. அத்தனை கூட்டையும் என் சொந்தச் செலவில் மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

சுவரில் பஞ்சு இறங்காமல் நிற்க, கன மீட்டருக்கு 55 முதல் 65 கிலோ அடர்த்தி வேண்டும். கணக்கு எளிது: 2.4 மீட்டர் உயரம், 40 செ.மீ. அகலம், 14 செ.மீ. ஆழம் உள்ள கூட்டுக்குக் கிட்டத்தட்ட 8 கிலோ. ஐந்து கிலோவிலேயே நிரம்பிவிட்டது என்றால் நிரம்பவில்லை என்று அர்த்தம். குழாயைக் கூட்டின் மறுமுனைக்குப் பக்கத்தில் வரை விடுங்கள். பஞ்சு ஓட்டம் தானாக நிற்கும்வரை காத்திருந்து, ஒரு சாண் இழுங்கள். மறுபடி நிற்கட்டும், மறுபடி இழுங்கள். இயந்திரத்தின் சத்தமே மாறும், காது பழகிவிடும். அதுவரை தராசை நம்புங்கள்.

பரணில் அளவுகோலை மட்டும் நம்புவது

இதுவும் அதே நோய்தான். மேலே தளர்வாக ஊதிய பஞ்சு நாளடைவில் 15 முதல் 20 சதவீதம் அமுங்கும். இன்று அளக்கும் ஆழம் நாளை இருக்காது. இவ்வளவு பரப்புக்கு இத்தனை மூட்டை என்று உறையிலேயே அட்டவணை இருக்கிறது. காலி மூட்டைகளை எண்ணுங்கள்.

ஓட்டைகளை விட்டுவிட்டு ஊதுவது

ஒயர், குழாய் நுழையும் இடுக்குகளை முதலில் அடைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் இயந்திரத்தைத் தொடலாம்.

கூரையோரக் காற்றுவழி

தடுப்பு அட்டை வைக்காமல் ஊதினால் அடைத்துக்கொள்ளும்.

புகைபோக்கி

ஒட்டி நிரப்பக் கூடாது. பேச்சே இல்லை.

ஈரம் காயுமுன் மூடுவது

தண்ணீர் கலந்து சுவரில் தெளிக்கும் முறையில் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். விரலை உள்ளே விட்டால் சில்லென்று இருக்கும். ஈரமானியின் ஊசியை ஆழமாகக் குத்தி, உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறங்கிய பிறகே பலகை அடியுங்கள். சிமென்ட் பூச்சுக்காரர் வாசலில் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் பிரச்சினை. இன்னொன்று, மூட்டையில் தீத்தடுப்பு உப்பாக அமோனியம் சல்பேட் என்று போட்டிருந்தால் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ஈரத்தோடு சேர்ந்தால் ஆணியையும் செம்புக் குழாயையும் அரித்துவிடும், நாற்றம் வேறு.