பழைய சாமுராய் படங்களை வீட்டில் ஒழுங்காகப் பார்ப்பது எப்படி?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் சாமுராய் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, "கறுப்பு வெள்ளை, ரொம்ப மெதுவா போகுது" என்று அரை மணி நேரத்தில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். பாதிக் குற்றம் மங்கலான பிரிண்டிலும் டிவி செட்டிங்கிலும் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு இன்னொரு முறை உட்காருங்கள்.

முதலில் டிஸ்க். வாங்கும் முன் ரீஜன் பாருங்கள், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் அந்த டிஸ்க் ஓடும் என்று பிரிக்கும் குறியீடு. ப்ளூரேயில் இந்தியா சி, அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, பிரிட்டன் பி. நல்ல சாமுராய் டிஸ்க்குகள் பெரும்பாலும் அமெரிக்காவின் க்ரைட்டீரியன், பிரிட்டனின் பிஎஃப்ஐ போன்ற நிறுவனங்களிடமிருந்து வருவதால், இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாமல் போக வாய்ப்பு அதிகம், அதனால் ரீஜன் ஃப்ரீ பிளேயர்தான் நிம்மதி. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்க டிஸ்க்குகளில் கவலையில்லை, அங்கேயும் ரீஜன் ஏ. 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது, ஆனால் 4கே பிளேயர் வேண்டும். ஜப்பானிலேயே வெளியான டிஸ்க் என்று ஆசைப்பட்டு வாங்காதீர்கள், பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது.

அட்டையில் ஓடும் நேரத்தையும் பாருங்கள். குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) முழுப்படம் 207 நிமிடம். வெளிநாடுகளுக்காக வெட்டிச் சுருக்கிய பிரிண்ட்கள் பல காலம் சுற்றிக்கொண்டிருந்தன, அவை வேண்டாம். பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த ஐரோப்பிய டிவிடியில் சுமார் 199 நிமிடம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டிய படம் அதில் 25 ஓடுகிறது, எதையும் வெட்டவில்லை.

அடுத்து டிவி. மோஷன் ஸ்மூத்திங்கை, அதாவது அசைவுகளை டிவியே வழவழப்பாக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர் மாறும். 'செவன் சாமுராய்' தொடக்கத்தில், குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் திருடனை மூத்த சாமுராய் காம்பே குத்தியதும் அவன் குடிசையிலிருந்து வெளியே வந்து ஸ்லோ மோஷனில் சரிந்து விழுவான். சுற்றி நிற்கும் கூட்டம் சாதாரண வேகத்தில் இருக்கும், இவன் மட்டும் மெதுவாக விழுவான், அந்த வித்தியாசம்தான் அந்தக் காட்சியின் உயிர். படத்தில் இல்லாத ஃப்ரேம்களை டிவி நடுவில் செருகினால் எல்லாமே சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

பிக்சர் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கருக்கு மாற்றுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள், நாய்ஸ் ரிடக்ஷன் வேண்டவே வேண்டாம். திரையில் பொடிப்பொடியாக ஆடுவது ஃபிலிமின் கிரெய்ன், அது இருக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஜூம் பட்டனைத் தொடாதீர்கள்! 'செவன் சாமுராய்' கிட்டத்தட்ட சதுரச் சட்டம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். குரோசவாவின் 'யோஜிம்போ' (1961) அகலத்திரை, மேலும் கீழும் வரும். அதில் நாயகன் தோஷிரோ மிஃபுனே ஊரின் இரண்டு கோஷ்டிகளையும் மோதவிட்டுவிட்டுத் தெரு நடுவே உள்ள கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், கீழே இரண்டு பக்கமும் வாளோடு முன்னே வந்து, பயந்து பின்னே போய்க்கொண்டிருப்பார்கள். ஓரத்தை வெட்டினால் பார்க்க வேண்டிய ஆட்களே திரையில் இருக்க மாட்டார்கள்.

ஒலி. ஜப்பானிய மொழி, ஒரிஜினல் ஒலித்தடம், ஆங்கில சப்டைட்டில். டப்பிங் வேண்டாம், மிஃபுனேயின் உறுமல் பாதி நடிப்பு.

எந்த வரிசை? எல்லோரும் 'செவன் சாமுராய்'தான் முதலில் என்பார்கள், நான் 'யோஜிம்போ' என்பேன். 110 நிமிடம், வேகமாகப் போகும், முதல் சில நிமிடங்களிலேயே ஒரு நாய் மனிதக் கையைக் கவ்விக்கொண்டு தெருவில் ஓடிவரும், ஊர் எப்படிப்பட்டது என்று அங்கேயே புரிந்துவிடும்.

இரண்டாவதாக மசாகி கோபயாஷியின் 'ஹராகிரி' (1962). கதை நடப்பது 1630-இல். 1603-இல் தொடங்கிய டோக்குகாவா ஆட்சியில் போர்கள் ஓய்ந்து, பல பிரபுக்களின் பதவியும் பறிபோக, எஜமானன் இல்லாத ரோனின்கள் வேலை தேடி அலைந்த காலம். இது தெரிந்தால் போதும், படம் பிடிபட்டுவிடும். சண்டைக்காகக் காத்திருக்காதீர்கள், முற்றத்தில் உட்கார்ந்து பேசும் நாயகன் தட்சுயா நகடாயின் முகத்தைப் பாருங்கள். சாமுராய் மானம் என்ற பேச்சை இவ்வளவு கோபமாகக் கேள்வி கேட்ட படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

'செவன் சாமுராய்' மூன்றாவதாக. படத்திலேயே இடைவேளை இருக்கிறது. நேரம் இல்லாவிட்டால் அங்கே நிறுத்தி மிச்சத்தை மறுநாள் பாருங்கள், வேறெங்கும் நிறுத்தாதீர்கள். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள், கடைசி மழைச் சண்டை சேறும் நிழலுமாக இருக்கும், வெளிச்சத்தில் பாதி தெரியாது.