தரவு மையத்தை இயற்கைக் குளிர்ச்சியால் குளிர்விப்பது எப்படி?

புதிய கருவி எதையும் வாங்குவதற்கு முன், மையம் பயன்படுத்தும் மொத்த மின்சாரத்தைக் கணினிக் கருவிகள் மட்டும் பயன்படுத்தும் மின்சாரத்தால் வகுத்துப் பாருங்கள், பி.யூ.இ. எனப்படும் இந்த விகிதம் 1-ஐ விட எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, அதில் பெரும்பகுதி குளிரூட்டலுக்கே செல்கிறது.

அடுத்து, சர்வர்கள் எனப்படும் மையத்தின் கணினிகளுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையை உயர்த்த வேண்டும். குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே அமைப்பு 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை பரிந்துரைக்கிறது. நடுங்கும் குளிர் தேவையே இல்லை. ஆனால் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்காதவாறு, சர்வர்களை அடுக்கி வைக்கும் ரேக் வரிசைகளுக்கிடையே தடுப்புகள் அமைத்து, ரேக்குகளின் காலி இடங்களை மூடிய பின்னரே இதைச் செய்யுங்கள். இல்லையேல் மேல்தட்டுச் சர்வர்கள் முதலில் சூடேறும்.

வெளிக்காற்று போதிய அளவு குளிர்ந்திருக்கும் நேரங்களில் குளிரூட்டும் இயந்திரத்தின் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, வடிகட்டிய வெளிக்காற்றை நேரடியாகவோ, வெப்பப் பரிமாற்றி வழியாக அதன் குளிர்ச்சியை மட்டுமோ பயன்படுத்தலாம். தூசியும் உப்புக்காற்றும் மிகுந்த இடங்களில் இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து. வறண்ட பகுதிகளில் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை கைகொடுக்கும். எனினும் அது தண்ணீரை நிறையக் குடிக்கும், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் பெரிதாகப் பயன்தராது.

கடல் அருகிலிருந்தால் அதன் நீரையே பயன்படுத்தலாம். பின்லாந்தின் ஹமினாவிலுள்ள கூகுள் மையம் அவ்வாறே இயங்குகிறது. வெளியேறும் நீரின் சூட்டைத் தணித்த பிறகே அங்கு அதனைக் கடலில் விடுகின்றனர்.